ஏழாம் நம்பர் கூட்டுக்குள்

லினெட் டேகலுக்குக் கை சும்மா இருந்தால் கால் ஆடும். காலை அடக்கினால் வாய் ஓடும். கல்யாணமான புதிதில் ஞாயிறு பூசையில் அவள் முழங்கால் ஆடிய ஆட்டத்தில், அதே பெஞ்சின் மறுகோடியில் இருந்த மாமியார் கையில் ஜெபமாலை குலுங்கியதாம். செயின்ட் ஓமேர் ஊரில் அதை இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் அந்தச் சுபாவத்துக்கு நல்ல மரியாதை இருந்தது. சூப் கொதிக்கும்போதே ரொட்டிக்கு மாவு பிசைவாள், மாவு உப்புவதற்குள் மறுநாளைக்கு வேண்டிய கேரட்டைச் சீவி முடித்துவிடுவாள். கூட வேலை பார்க்கும் தெரேஸ் மிஷோ, "நீ ஒருநாள் லீவு போட்டேன்னா இந்த அடுப்பு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கும்" என்பாள்.

வீட்டில்தான் பாடு. மகன் கனெக்டிகட்டில் குடியேறிப் பல வருஷமாயிற்று. கணவன் ரேனோ, காகித ஆலையில் ஓய்வு பெற்றவன், நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுகிற ஆள். தீயணைப்புக் குழுவின் சங்கு ஊதினால் மட்டும் எழுந்து ஓடுவான். மற்றபடி அவனைச் சுற்றி அவள் துடைத்துக்கொண்டும் நகர்த்திக்கொண்டும் இருப்பாள்.

உருளைக்கிழங்கு அறுவடை வந்தால் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வாரம் விடுமுறை. பிள்ளைகள், வாத்தியார்கள், சமையல்காரிகள் எல்லோரும் வயலுக்குப் போய்விடுவார்கள். லினெட்டும் வருஷா வருஷம் போவாள். அறுவடை வண்டியின் மேல் நின்று, ஓடுகிற பட்டையிலிருந்து கல்லையும் கொடியையும் பொறுக்கி எறிகிற வேலை. அந்த வருஷம் கோடையில் வழுக்கி விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. வயல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெரேஸ் போனாள். ஊரே போனது. லினெட் ஜன்னலில் நின்று, தூசு கிளப்பிக்கொண்டு ஓடும் கிழங்கு லாரிகளைப் பார்த்தாள். முதல் நாள் சமையலறை அலமாரிகளைக் காலி செய்து வேறு மாதிரி அடுக்கினாள். மறுநாள் எல்லாவற்றையும் பழைய மாதிரியே திரும்ப அடுக்கினாள்.

"இன்னொரு தடவ அடுக்குனேன்னா நான் போய் மாட்டுக் கொட்டகையில படுத்துக்கிறேன்," என்றான் ரேனோ.

"நம்மகிட்ட மாடே இல்லயே."

"உனக்குப் பயந்துதான் அதுவும் ஓடிப்போச்சு."

அன்றைக்கே அவன் லூசியன் சிர் என்பவருக்குப் போன் போட்டான். லூசியன் தீயணைப்புக் குழுவின் தலைவர், மற்ற நேரத்தில் டிராக்டர் மெக்கானிக். குழுவில் சம்பளக்காரர் என்று ஒருவரும் கிடையாது, அவர் உட்பட. சாயங்காலமே அவர் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை மேசைமேல் வைத்தார். ஒன்றில், தெற்கே ஏதோ ஒரு நகரத்தில் உபயோகித்துக் கழித்துக்கட்டிய வாக்கி டாக்கிகள். குழு வாங்கி ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்னொன்றில் புது மேல்கூடுகள், உறை பிரிக்காமல்.

லினெட் பழையது ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஸ்பீக்கர் துளைகளில் அழுக்கு அடைத்திருந்தது. பேசும்போது அமுக்குகிற ரப்பர் கிழிந்து தொங்கியது. பக்கவாட்டில் அந்த நகரத்தின் பெயரைச் சூடு வைத்துப் பொறித்திருந்தார்கள்.

"யாரோ பல்லு விளக்கிட்டுப் போட்ட பிரஷ் மாதிரி இருக்கு. இதையா வாய்கிட்ட வச்சுப் பேசுறீங்க?"

"உள்ள எல்லாம் தங்கம், லினெட். மாவட்டத்துலேர்ந்து ஆள் வந்து ஒவ்வொண்ணுக்குள்ளயும் அவனவன் நம்பரைப் பதிச்சுட்டுப் போயிருக்கான். மேல இருக்கிற சட்டதான் கந்தல். சட்டைய மாத்திக் குடு, அது போதும்."

"எனக்கு வருமா?"

"பள்ளிக்கூடத்து மாவு மெஷினைக் கழட்டி மாட்டுனவ தானே நீ? வரலன்னா அறுவட முடிஞ்சதும் நான் உக்காந்து பண்ணிக்கிறேன். ஆனா அதுவரைக்கும் வீடு நிக்காதுன்னு ரேனோ சொல்றான்."

முதலாவதற்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. பேட்டரியைக் கழற்ற வேண்டும், ஆன்டெனாவைத் திருகி எடுக்க வேண்டும், மேலே இருக்கிற இரண்டு குமிழ்களையும் நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். பேட்டரி மறைத்திருந்த இடத்தில் இரண்டு பொடி ஸ்க்ரூக்கள். அதற்கப்புறம்தான் வித்தை. கூட்டின் அடிவாயில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து மெல்ல நெம்பினால், ஓட்டிலிருந்து நண்டுச் சதை வருவது மாதிரி உள்ளே இருக்கும் போர்டு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் ஸ்பீக்கருக்குப் போகிற நூல் போன்ற ஒயர் அறுந்துவிடும். ஸ்பீக்கரைப் பழைய கூட்டிலிருந்து எடுத்துப் புதியதில் பதிக்க வேண்டும். தண்ணீர் புகாமல் காக்கிற ரப்பர் வளையம் ஓர் இடத்திலும் பிதுங்காமல் அதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் போர்டு உள்ளே போகும்போது விரலுக்குள் ஒரு 'டக்' தெரியும். அந்த 'டக்' அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அது இல்லாத நேரம் அவள் கை பரபரத்தது. ரேனோ நின்றுகொண்டே சாப்பிடப் பழகிக்கொண்டான்.

அவள் தனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். ஒன்றை மூடாமல் இன்னொன்றைத் திறப்பதில்லை. நம்பர் ஒட்டியிருப்பது கூட்டின்மேல்தான். கூட்டை உரித்துவிட்டால் எல்லாமே ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

அந்தக் கட்டுப்பாட்டைப் பசை கெடுத்தது. ரேனோவின் நாலாம் நம்பர் உரித்தபடி மேசைமேல் கிடந்தது. அதற்கான புதுக் கூட்டில், ஸ்பீக்கர் துளைகளை மூடுகிற மெல்லிய துணி பிய்ந்து வந்திருந்ததால் பசை தடவி ஒட்டியிருந்தாள். காயும்வரை சும்மா இருக்க வேண்டும். தரையைப் பெருக்கினாள். பசையைத் தொட்டுப் பார்த்தாள், ஈரம். ஜன்னலைத் துடைத்தாள். மறுபடி தொட்டாள், ஈரம். ஒன்றே ஒன்றுதானே என்று ஏழாம் நம்பரைத் திறந்தாள். அது தெரேஸின் கணவன் எர்வேயுடையது. நாலை இடப்பக்கமும் ஏழை வலப்பக்கமும் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வயலிலிருந்து தெரேஸ் வந்தாள், இமை மயிரெல்லாம் தூசு.

"கையுறை கிழிஞ்சுபோச்சு, உன்னோடதக் குடு. அப்படியே தின்னவும் ஏதாவது குடு. அங்க தினம் தினம் சாண்ட்விச்சு, நாக்கு செத்துப்போச்சு."

லினெட் கல்லில் மாவை ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகிற, தோசை மாதிரியான பிளோய் வார்க்க ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் தெரேஸ் மேசையில் தட்டுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, கசாப்புக் கடை மாதிரி ஒரே குடலும் ஈரலுமா கிடக்கு?"

"அதுல ஒண்ணு உன் புருஷனோடது. பாத்துத் தள்ளு."

"அவனோடதுன்னா காலியால்ல இருக்கணும்?"

இருவரும் சிரித்தார்கள். தெரேஸ் வெண்ணெய் தடவி நாலைந்து பிளோய்களைச் சுருட்டி விழுங்கிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு ஓடினாள். பசை காய்ந்திருந்தது. லினெட் உட்கார்ந்து இடப்பக்கம் இருந்ததை நாலின் கூட்டிலும், வலப்பக்கம் இருந்ததை ஏழின் கூட்டிலும் போட்டு மூடினாள். இரண்டிலும் 'டக்' சரியாகக் கேட்டது. திருகி முடித்து, தட்டைக் கழுவப் போகும்போதுதான் நெஞ்சில் ஏதோ இடறியது. இடப்பக்கம் இருந்தது இடப்பக்கமே இருந்ததா?

சாயங்காலம் ரேனோ இரண்டையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கும் வீட்டுக்குமாக நடந்து சோதித்தான்.

"பேசுது, கேக்குது. வேற என்ன வேணும்?"

"மாத்தி மாட்டியிருந்தேன்னா?"

"மாத்தி மாட்டுனா நான் பேசுறது எர்வே குரல்லயா வரப்போவுது?"

"மேல ஆரஞ்சு பட்டன் இருக்கே, ஆபத்துன்னா அமுக்குறது. அத அமுக்கினா மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில யார் நம்பர் தெரியும்?"

ரேனோ தலையைச் சொறிந்தான். "அத இதுவரைக்கும் ஒருத்தனும் அமுக்கினதில்ல."

"இப்ப அமுக்கிப் பாப்போமே."

"அமுக்கினா மாவட்டம் பூரா அலறும். லூசியன் என் தோல உரிச்சுடுவாரு. அறுவட முடியட்டும், சொல்லிட்டு சாவகாசமா பாத்துக்கலாம்."

சாவகாசம் என்ற சொல் அவள் காதில் ஏறாது. மறுநாள் லூசியனுக்குப் போன் செய்தாள். அவர் ஏதோ டிராக்டருக்கு அடியில் கிடந்தபடி பேசினார், யாரோ கூட நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "புதுக் கூடெல்லாம் கைக்கு எதமா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நினைத்ததைக் கேட்க வெட்கமாக இருந்தது. மாவு மெஷினைக் கழற்றி மாட்டியவளாயிற்றே. அதற்குள் நாலும் ஏழும் அவரவர் லாரியிலும் காரிலும் ஏறிப் போய்விட்டன. அவள் அடுத்தடுத்து மற்றவற்றைத் திறந்தாள், மூடினாள். ஒவ்வொன்றையும் மூடும்போது அந்த இரண்டும் மனசுக்குள் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறி மாறி வந்து நின்றன. தூக்கத்தில் அவள் கால் உதைப்பதாக ரேனோ சொன்னான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் சங்கு ஊதியது. கெரெட் குடும்பத்துக் கிழங்குக் கிடங்கில் தீ. ரேனோ கையிலிருந்த முள்கரண்டியைப் போட்டுவிட்டு, பூட்ஸுக்குள் காலை நுழைத்தபடியே காருக்கு ஓடினான். தீயணைப்புக்காரர் வீடுகளில் எல்லாம் இருப்பதுபோல, குழுவின் பேச்சைக் கேட்க மட்டும் உதவும் பெட்டி ஒன்று லினெட் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயும் இருந்தது. அவள் அதன் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் பதினோராம் நம்பரின் கூட்டை நெம்ப உட்கார்ந்தாள். இரண்டு நெம்பு நெம்புவாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள். தெற்கே, மரங்களுக்கு மேல், புகை சாம்பல் நிறத்தில் எழுந்து சாய்ந்திருந்தது.

கெரெட் கிடங்கு பாதி மண்ணுக்குள் இருப்பது. மேல்தளத்துக்கு மேட்டிலிருந்து லாரி நேராக உள்ளே போகலாம். அந்தத் தளத்தின் பலகைகளில் அங்கங்கே கதவு வைத்த பொந்துகள் இருக்கும். அவற்றைத் திறந்து கிழங்கைக் கீழ்த்தளத்து அறைகளில் கொட்டுவார்கள். எர்வே அந்த அறுவடையில் கெரெட்டுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், ஆகவே குழுவில் முதலில் வந்து சேர்ந்தவன் அவன்தான். லூசியன் வழியிலிருந்தே அவனிடம், "குளத்துகிட்ட போய் பம்ப ரெடி பண்ணு" என்று சொன்னதும், "போறேன்" என்று எர்வே சொன்னதும் பெட்டியில் கேட்டது. பிறகு தண்ணீர் வண்டி, ஓஸ் குழாய், ஏணி, காற்று எந்தப் பக்கம் என்று ஒரே கூச்சல்.

அதன் நடுவே கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல், தெளிவாக.

"செயின்ட் ஓமேர் தலைவருக்கு. நாலாம் நம்பர்லேர்ந்து ஆபத்து பட்டன் வந்திருக்கு. நாலாம் நம்பர், எங்க இருக்கீங்க?"

லினெட் அசையாமல் நின்றாள். நாலாம் நம்பரிடமிருந்து பதில் இல்லை. ரேனோ, பேசு, பேசித் தொலையேன் என்று பெட்டியைப் பார்த்து உதடு முணுமுணுத்தது.

லூசியனின் குரல் வந்தது. "நாலு என் பக்கத்துலதாம்மா நிக்கிறான், ஓஸப் புடிச்சுக்கிட்டு. புதுக் கூடு மாட்டியிருக்கோம், பட்டன் எங்கயாவது இடிச்சு அமுங்கியிருக்கும். தப்பு சிக்னல்."

"சரிங்க. அழிச்சுடறேன்."

லினெட் உட்கார்ந்தாள். உடம்பு முழுவதும் தளர்ந்து, நாற்காலியின் முதுகில் சாய்ந்து, கண்ணை மூடினாள். கால் ஆடவில்லை. அவன் நிற்கிறான், ஓஸ் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வேறு எந்த நினைப்பும் அவளிடம் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, அவளுக்குத் தெரியாது. அடுப்பில் காபி பொங்கி வழிகிற வாடை வந்தும் எழுந்திருக்கவில்லை.

"தலைவருக்கு. நாலாம் நம்பர் மறுபடியும் பட்டன்."

"அட, ரேனோ, அத அணைச்சுத் தொலைடா!"

லூசியன் கையிலிருந்த கருவி வழியாகவே ரேனோவின் கத்தல் கேட்டது. "அணைச்சுட்டேன்! பாருங்க, அணைச்சுத்தான் வச்சிருக்கேன்!"

"இன்னும் வந்துக்கிட்டே இருக்குங்க."

லினெட் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மேசைமேல் பதினோராம் நம்பர் பாதி உரிந்த நிலையில், ஸ்பீக்கர் ஒயரில் தொங்கியபடி கிடந்தது. ஆன்டெனாவைத் திருகினாள். பேட்டரியை உள்ளங்கையால் போர்டோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். பேசுவதற்கான ரப்பர் கூட்டோடு போய்விட்டது. அது இருந்த இடத்தில் சின்ன உலோகப் பொட்டு ஒன்று இருந்தது. அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். குழுவில் இல்லாதவர்கள் அந்த அலைவரிசையில் வாய் திறக்கக் கூடாது. அது ஊருக்கே தெரியும்.

"லூசியன்! அது ரேனோ இல்ல! எர்வே எங்க?"

"யாரது? லைன விட்டு எறங்கு!"

"லினெட். நான்தான் உள்ள இருக்கிறத மாத்தி மாட்டிட்டேன். ஏழாம் நம்பர் கூட்டுக்குள்ள நாலு இருக்கு. பட்டன அமுக்குறது எர்வே. அவன் எங்க? தேடுங்க!"

பெட்டியில் வெறும் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு லூசியன், குரல் மாறி, "ஏழு. ஏழு, பதில் சொல்லு. எர்வே. குளத்துகிட்ட யாரு இருக்கீங்க, எர்வே அங்க இருக்கானா?" என்றார்.

"இல்லயே தலைவரே. பம்பு இன்னும் வரவே இல்ல."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. செருப்போடு காரில் ஏறினாள். சாலை முழுக்கக் கிழங்கு லாரிகள். ஒன்றை முந்தினால் இன்னொன்று. ஹாரனை அடித்துக்கொண்டே, வலித்த தோளை மறந்து, புகையைப் பார்த்து ஓட்டினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எர்வேயைக் கீழ்த்தளத்துக் கதவு வழியாக வெளியே எடுத்துப் புல்மேல் கிடத்தியிருந்தார்கள். முகம் கரியும் மண்ணுமாக இருந்தது. ஒரு கால் போகக் கூடாத திசையில் மடங்கியிருந்தது. இருமிக்கொண்டிருந்தான். இருமுகிறவன் உயிரோடு இருக்கிறான். அவளுக்குக் கார்க் கதவை விட்டுக் கை வரவில்லை.

நடந்தது பிறகு தெரிந்தது. பம்பை எடுக்கப் போன எர்வேயிடம் யாரோ ஒருவர், கிடங்கு வேலைக்காரன் ஒருவனைக் காணோம் என்று சொல்லியிருக்கிறார். லூசியனுக்குச் சொல்லாமலே எர்வே மேல்தளத்தில் நுழைந்து கூப்பிட்டிருக்கிறான். புகையில் தரை தெரியவில்லை. திறந்து கிடந்த பொந்து ஒன்றில் கால் போய், கீழே பாதி நிரம்பியிருந்த கிழங்குக் குவியலில் விழுந்து, சரிந்த கிழங்குகள் இடுப்புவரை மூடிவிட்டன. புகை மேலே நின்றதால் கீழே மூச்சுவிடக் காற்று இருந்தது. வாக்கி டாக்கி இடுப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வாய்க்குக் கொண்டுவர முடியவில்லை, ஆனால் ஒரு விரல் ஆரஞ்சு பட்டனுக்கு எட்டியது. அமுக்கினான். யாரும் வரவில்லை. மறுபடி அமுக்கினான். தேடப்பட்ட வேலைக்காரனோ அப்போதே வெளியே வந்து, லாரிக்குப் பின்னால் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தெரேஸ் வயல் உடையிலேயே உட்கார்ந்திருந்தாள். லினெட் அவள் முன்னால் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தாள்.

"உக்காரு. தல சுத்துது எனக்கு," என்றாள் தெரேஸ். "எப்படி மாறிச்சு அது?"

லினெட்டுக்குப் பிளோய் வார்த்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால், மேசையை ஒதுக்கிய தெரேஸின் கை. அந்தக் கை எதை எங்கே தள்ளியது என்று அவள் பார்க்கவில்லை. ஒருவேளை எதையும் மாற்றாமலும் இருந்திருக்கலாம்.

"ரெண்டையும் ஒண்ணா திறந்தேன்," என்றாள். "ஒண்ணொண்ணாத்தான் திறக்கணும். நான் ரெண்டையும் திறந்துட்டேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "மொத தடவ பட்டன் வந்தப்போ, ரேனோ நல்லாத்தான் இருக்கான்னு லூசியன் சொன்னாரு, தெரேஸ். நான் உக்காந்துட்டேன். அப்பவே யோசிச்சிருக்கணும். மனசுல அந்த சந்தேகம் இருந்துது. ஆனா நான் உக்காந்துட்டேன். ஆபத்து என் புருஷனுக்கு இல்லன்னு தெரிஞ்சதும் நிம்மதியா உக்காந்துட்டேன்."

தெரேஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து எர்வேயின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எர்வே வேறு மாதிரி. மறுநாள் ரேனோவும் லினெட்டும் பார்க்கப் போனபோது, கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"வாடி லினெட்டு, என் டாக்டரம்மா! உன் புருஷன் குடல எனக்குள்ள வச்சுத் தச்சுட்டியாமே? அதான் அது கைக்கு வந்ததுலேர்ந்து எனக்கு ஒரு வேலையும் செய்யத் தோணல, நாற்காலியிலயே உக்காந்திருக்கணும்போல இருந்துது."

ரேனோ சிரித்தான். லினெட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஜன்னலோரம் நின்றிருந்த தெரேஸ் திரும்பவே இல்லை.

லூசியன் மறுவாரம் எல்லாவற்றையும் திரும்பப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். லினெட் கதவிலேயே, "என்கிட்ட குடுக்காதீங்க. நான் தொடமாட்டேன்" என்றாள்.

"தொட்டுத்தான் ஆகணும். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிட்டேன். நீ ஒண்ணொண்ணா பட்டன அமுக்கு, அந்தப் பொண்ணு நம்பர் படிக்கும். இத மொதல்லயே செய்யச் சொல்லாதது என் தப்பு. புதுக் கூடுதான் காரணம்னு நெனச்சு அவன அங்கயே விட்டேனே, அதுவும் என் தப்பு. எல்லாத் தப்பையும் நீயே எடுத்துக்காத, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

அவள் ஒவ்வொன்றாக அமுக்கினாள். பெண்குரல் ஒவ்வொரு நம்பராகச் சொன்னது. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. நாலும் ஏழும் மட்டும்தான் இடம் மாறியிருந்தன. ஏழின் கூட்டைத் திறந்தபோது துளைகளிலிருந்து மண் உதிர்ந்தது. லூசியன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, இரண்டையும் மாற்றி மூடினாள். அந்த 'டக்' கேட்டும் சந்தோஷம் வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று லினெட்டும் தெரேஸும் மாவு பிசைந்தார்கள். உப்பு, தட்டு, நகரு என்பதைத் தவிர தெரேஸின் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. லினெட் முன்னைவிட வேகமாக வேலை செய்தாள். துடைத்ததையே துடைத்தாள். பேசப் போவாள், தெரேஸ் கிடங்கறைக்குப் போய்விடுவாள். பனி விழுந்து சாலையோரம் மேடு கட்டியது. அப்போதும் அப்படித்தான்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முந்தி ஒரு காலை, வெந்த கிழங்கை மசித்துக்கொண்டிருந்த தெரேஸ் திடீரென்று மத்தைப் பாத்திரத்துக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ ஏன் அத என்கிட்ட சொன்ன?"

"எத?"

"உக்காந்தத. மாத்தி மாட்டுனது சரி, கை தப்பு, யாருக்கும் வரும். அத நீ எல்லார் முன்னாலயும் சொன்ன, எர்வேயக் காப்பாத்துன. ஆனா நீ நிம்மதியா உக்காந்தது யாருக்குத் தெரியும்? உனக்கு மட்டும்தானே? அத நீயே வச்சுக்கிட்டு இருந்திருக்கலாம். உனக்குத் தாங்கல, கொண்டாந்து என் மடியில போட்டுட்ட. இப்ப அவன் தூங்கிக்கிட்டு இருக்கிறதப் பாத்தாக்கூட, நீ நாற்காலியில சாஞ்சு உக்காந்திருக்கிற மாதிரிதான் என் கண்ணுக்குத் தெரியுது."

மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அதுவும் இன்னொரு சுமையைத் தெரேஸ்மேல் இறக்குவதாக லினெட்டுக்குத் தோன்றியது. மேசையை ஒதுக்கிய அந்தக் கையைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். அன்றைக்குச் சொல்லாதது போலவே இனிமேலும் சொல்லப் போவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறுதியாயிற்று.

"வேற யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல," என்றாள் கடைசியில். "எனக்கு நீதானே இருக்க."

தெரேஸ் மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஆமா. அதான் வயித்தெரிச்சல்." மறுபடி மத்தைப் பிடித்தாள். நாலைந்து முறை மசித்துவிட்டு, "பால் கொண்டா. இது காஞ்சு கெடக்கு" என்றாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள், எர்வே ஊன்றுகோலை வைத்துப் பூனையை விரட்டிய கதையையும் சொல்லிவிட்டாள்.

பழைய மாதிரி ஆகவில்லை. ஆனால் பேச்சு இருந்தது. எர்வே கால் தேறி, கொஞ்சம் நொண்டியபடி குழுவுக்குத் திரும்பினான். லூசியன் அவனை இனிமேல் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைய விடுவதில்லை. தண்ணீர் வண்டி ஓட்டுகிறான். பழைய கருவிகளுக்கு லினெட்தான் இன்னமும் கூடு மாற்றுகிறாள். திறந்ததை மூடும்வரை வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை.

அடுத்த கோடையில் சங்கு ஊதியபோது, ரேனோவின் கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் தெரேஸ் ஏப்ரனோடு லினெட் வீட்டுச் சமையலறைக்குள் வந்துவிட்டாள்.

"எங்க வீட்டுப் பெட்டி பாட்டுக்குக் கத்தட்டும். தனியா உக்காந்து கேக்க என்னால ஆகாது," என்றாள்.

இருவரும் பெட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். எரிந்தது காலியான பழைய கொட்டகைதான், ஆளில்லாத இடம். முதலில் எர்வேயின் குரல் வந்தது, தண்ணீர் வண்டி வந்து சேர்ந்துவிட்டதென்று. ரேனோவின் குரல் வர நேரமாயிற்று. அதுவரை தெரேஸும் நின்றுகொண்டேதான் இருந்தாள். அவன் ஓஸைச் சுருட்டலாமா என்று கேட்டது காதில் விழுந்த பிறகு, அவள் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலிமேல் போட்டாள்.

"காபி இருக்கா? திக்கா போடு, போன தடவ கழுநீர் மாதிரி இருந்துது."